அறுபத்தொரு ஏக்கர், நிபந்தனையுடன்

‘விற்பனைக்கு’ என்று எழுதிவிட்டேன்.
அதற்கு மேல் பேனா போகவில்லை.

நெடுங்கேணிக்கு அங்கால், கிரவல் றோட்டில் நாலு கட்டை.
அறுபத்தொரு ஏக்கர். உறுதிக் காணி. வழக்கில்லை.
வடக்கெல்லை ஆறு என்கிறது உறுதி,
மாசியிலிருந்து ஐப்பசி வரை அது மணல்.
பாலை, வீரை, முதிரை,
தெற்கு மூலையில் கருங்காலி பதினொன்று.
இவ்வளவும் எழுதலாம்.

ஏழாம் பக்கத்தை என்னவென்று எழுதுவது?
யாரிடம் கை மாறினாலும்
நின்ற மரம் வெட்டப்படாது.
விழுந்த மரம் எடுக்கப்படாது.
குடில் ஒன்று, அதுவும் இப்போது இருக்கிற இடத்திலேயே.
கல்லுடைக்கப்படாது. துண்டு பிரிக்கப்படாது.

இருபத்தாறு வருடத் தரகில்
தண்ணியில்லாக் காணி விற்றிருக்கிறேன்,
பாதையில்லாக் காணி,
ஏழு சகோதரர் முகம் பார்க்காத காணி.
‘படாது’ விற்றதில்லை.

எழுதி வைத்தவர் குலவீரசிங்கம் ஓவசியர்.
ஏன் என்று நொத்தாரிசு கேட்கவில்லையாம்,
முத்திரைக் காசு மட்டும் கேட்டாராம்.
விற்பவர் அவருடைய பெறாமகள், பேர்கனில்.
“விலை முன்னப் பின்ன இருக்கட்டும் அண்ணை,
அந்த மரம் எண்ணுற ஆக்கள்
எனக்கு எழுதுறது நிண்டால் காணும்.”

ஓம், எண்ணுகிறார்கள்.
வைகாசியில் சங்கத்திலிருந்து இரண்டு பேர்.
வெள்ளைப் பெயின்றில் இலக்கங்கள்,
மூவாயிரத்து நூற்றுப் பதினெட்டு வரை.
ஆயிரத்து நானூற்று ஏழு போன மாரியில் சரிந்தது.
அதன் பேரும் கூப்பிட்டு
‘கிடக்கு’ என்று பதிகிறார்கள்.

முதலில் மில்காரர் வந்தார்.
“எந்த உறுதியிலும் ஒரு ஓட்டை இருக்கும்”
என்றபடி முதிரையைக் கட்டிப்பிடித்துச் சுற்றளவு பார்த்தார்.
பிறகு பையிலிருந்து கையளவு கருவி எடுத்துப் பட்டையில் தடவினார்.
முதிரை கூவியது.
அடுத்த பாலையும் கூவியது.
“இரும்பு திண்ட மரம். வாளின்ரை பல்லுப் போயிடும்.”
ஏழாம் பக்கத்துக்கு முன்பே
வேறு யாரோ எழுதிவிட்டுப் போன நிபந்தனை.

ஸ்காபரோக்காரர் குடும்பமாக வந்தார்.
நீச்சல் தடாகம்? படாது.
பத்துக் கொட்டேஜ்? படாது.
“அப்ப என்னதான் செய்யலாம்?”
நடக்கலாம் என்றேன்.
சொன்ன பிறகு எனக்கே வெட்கமாய்ப் போனது.

மூன்றாவதாக, பஸ்சில் வந்து இறங்கி, சுகந்தமலர்.
வேலியை யானை எப்போதோ மிதித்துவிட்டது,
படலை மட்டும் பூட்டோடு நிற்கிறது.
திறப்பைக் காணாமல் நான் தடவ,
சுற்றிப் போவோம் என்றேன்.
“இல்லை அண்ணை. வழி இருக்கிற இடத்தாலயே வாறன்.”
திறக்கும் வரை நின்றாள்.

உள்ளே, கருங்காலிப் பக்கம் போனதும்
“இந்த மூலை நான் எடுத்தது” என்றாள்.
மிதிவெடி. பதினான்கு வருடம்.
முழங்காலில் இருந்து,
நாளைக்கு ஒரு பாய் விரிக்கிற அளவு நிலம்.
எந்த வேர் எங்கே திரும்புகிறதென்று தெரியும்,
எந்தப் புற்றுக்கு எத்தனை வாசலென்று தெரியும்.
“மேல பாக்கேல்லை, ஒரு நாளும்.
பாக்க விடாயினம்.”

பார்த்தாள்.
கழுத்து நோகும் என்று சொல்லத் தோன்றியது,
சொல்லவில்லை.
எங்கோ ஒரு மரங்கொத்தி தட்டிவிட்டு நிறுத்தியது.

“அரை ஏக்கர் தருவினமோ?”
துண்டு பிரிக்கப்படாது.
“தெரியும். கேட்டுப் பாத்தன்.”

இரண்டு வீதம் எனக்கு.
இவளிடம் எதில் இரண்டு வீதம்?

படலையைப் பூட்டும்போது,
காணி வாங்குகிற ஆள் மாதிரியே கேட்டாள்:
“இன்னொருக்கா எப்ப காட்டுவியள்?”

ஞாயிறு என்றேன்.